'பேட்' ஒன்று, வேலை மூன்று!

"நானா, ஒரு செட் பேட் தாங்க!"

மாவனல்லையிலோ, பலாங்கொடையிலோ, எஹலியகொடையிலோ உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் குரல் புதிதல்ல. கேட்டவுடன் ராக்கையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, காசை வாங்கி மேசையில் போட்டுவிடுகிறோம். அடுத்த வாடிக்கையாளர் காத்திருக்கிறார். அவசரம் நமக்கும் இருக்கிறது, அவருக்கும் இருக்கிறது.

இப்படி அவசரத்தில் விற்ற ஒரு சகோதர வியாபாரியின் கதை எமக்குத் தெரியும். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஒன்றுக்கு, "விலை குறைந்ததாகப் பார்த்துத் தாங்க" என்று சாரதி கேட்க, பெயர் தெரியாத பெட்டியொன்றை எடுத்துக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து அதே சாரதி கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை, ஏசவுமில்லை. கையிலிருந்த இரும்புத் தகடொன்றை மேசைமீது வைத்தார். பேட்டின் உராய்வுப் பகுதி முழுவதுமாகக் கழன்று, வெறும் தகடு மட்டும் மிஞ்சியிருந்தது. வேன் வீதியோர மண்மேட்டில் மோதி நின்றதால் பிள்ளைகள் எவருக்கும் ஆபத்தில்லை. ஆனால், அந்தச் சாரதியும் அவருடைய கூட்டாளிகளும் அதன்பின் அந்தக் கடைப்பக்கம் வரவில்லை. அந்த விற்பனையில் கிடைத்த இலாபம் சில நூறு ரூபாதான்.

பேட் என்ற ஒரு சிறு சொல்லுக்குள் இத்தனை விடயம் இருக்கிறது. ஆகவே, வாகனத்திலும் விளையாட்டுப் பொருட்களிலும் வரும் பேட்களைப் பற்றி நமது வியாபாரிகள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இவ்வாரம் பார்ப்போம்.

எந்த வேலைக்கு எந்தப் பேட்?

பிரேக் பேட், எஞ்சின் தாங்கும் இறப்பர் பேட், கிரிக்கெட் பேட், ஹெல்மட்டின் உள்ளே இருக்கும் பேட் என்று பெயர்கள் பல. இவை எல்லாம் ஏதோவொரு சக்தியை வாங்கிக்கொள்வதற்காகவே செய்யப்பட்டவை. வாங்கிய சக்தியை என்ன செய்கின்றன என்பதில்தான் வித்தியாசம். அந்த அடிப்படையில் மூன்று இனமாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தேய்ந்துபோகும் பேட். பிரேக் பேட் இந்த இனம். ஓட்டத்தின் சக்தியை வெப்பமாக மாற்றிவிட்டு, தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது.

இரண்டாவது, அமுங்கித் திரும்பும் பேட். எஞ்சின் மவுண்டும் கிரிக்கெட் பேட்டும் இவ்வகை. அடியை வாங்கி அமுங்கி, மறுபடி பழைய நிலைக்கு வந்துவிடும்.

மூன்றாவது, நசுங்கி முடியும் பேட். ஹெல்மட்டின் உட்புறம் இவ்வகை. ஒரு பெரிய அடியை வாங்கினால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது.

வாடிக்கையாளர் கேட்பது இந்த மூன்றில் எது என்று புரிந்துவிட்டால், அவரிடம் அடுத்து என்ன கேட்க வேண்டும், எதைச் சொல்லி விற்க வேண்டும் என்பது தானாக விளங்கிவிடும்.

மலை இறக்கமும் பிரேக் பேட்டும்

சப்ரகமுவ மாகாணத்தில் வியாபாரம் செய்பவருக்குப் பிரேக் பேட் சாதாரணப் பொருளல்ல. கடுகண்ணாவைக் கணவாய் வழியாக மாவனல்லைக்கு இறங்கும் கண்டி வீதி, கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலை, யட்டியாந்தோட்டை வரும் ஹற்றன் வீதி, ஹல்துமுல்லைப் பக்கமிருந்து பெலிஹுல்ஓயாவுக்கு வரும் வீதி, இவற்றோடு தேயிலை, இறப்பர் தோட்டங்களின் உள்வீதிகள் என்று எங்கு பார்த்தாலும் இறக்கம்தான்.

சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். சுமையோடு சேர்த்து 10 தொன் எடையுள்ள லொறியொன்று 300 மீற்றர் உயரத்திலிருந்து கீழே இறங்குகிறது. அதன் வேகம் கூடாமல் பிரேக்கினால் மட்டும் பிடித்துக்கொண்டு வந்தால், பிரேக் வாங்கும் வெப்பம் ஏறத்தாழ 100 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது! ஒரு பெரிய கலியாண வீட்டுக்குத் தேவையான சுடுதண்ணீரின் வெப்பத்தைச் சில அங்குல அகலமான பேட்களும் லைனிங்குகளும் தாங்க வேண்டியிருக்கிறது. இதனால்தான் இறக்கத்தில் சிறிய கியரைப் போட்டு, எஞ்சினின் இழுவையையும் துணைக்கு எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும் என்று அனுபவமுள்ள சாரதிகள் சொல்கிறார்கள்.

வெப்பம் அளவுக்கு மிஞ்சினால் பேட்டில் உள்ள பிசின் கருகி வாயு கிளம்பும். பிடிமானம் குறையும். சாரதி எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. மறுபக்கம், பிரேக் எண்ணெயும் கொதித்துக் குமிழி கட்டும். அப்போது பெடல் வெறுமனே கீழே போய்விடும். டொட் 3 ரக எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிப் பழசாகிவிட்டால் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். மழை அதிகமான நமது இரத்தினபுரிப் பகுதியில் மூடி திறந்த எண்ணெய்ப் போத்தலை மாதக்கணக்கில் வைத்திருந்து விற்பது எவ்வளவு தவறு என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

பிரேக் லைனிங் பிறந்ததே இப்படிப்பட்ட மலைநாட்டில்தான் என்பது சுவையான தகவல். இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைப்பகுதியில் குதிரை வண்டிக்காரர்கள் இறக்கத்தில் வண்டி வழுக்காமலிருக்க, மரப் பிரேக் கட்டையில் பழைய சப்பாத்துத் தோலை ஆணியடித்து வைத்திருந்தார்களாம். அதைக் கண்ட ஹேர்பர்ட் ஃபுரூட் என்பவர் 1897இல் இதற்கெனத் தனிப்பொருளொன்றைச் செய்யத் தொடங்கினார். அவரது பெயரின் எழுத்துக்களை மாற்றியடுக்கி உருவாக்கியதே 'ஃபெரோடோ' என்ற வர்த்தகப் பெயர். இன்றும் அந்தப் பெயரில் பேட்கள் விற்பனையாகின்றன.

பேட் கேட்பார், தேவை 'ஷூ'

நமது கடைகளில் அடிக்கடி நடக்கும் குழப்பம் இது. டிஸ்க் பிரேக்கில் வருவது பேட். சுழலும் இரும்புத் தட்டை இருபுறமும் இரண்டு பேட்கள் கவ்விப் பிடிக்கும். டிரம் பிரேக்கில் வருவது ஷூ. அது பிறை வடிவில் இருக்கும், உள்ளிருந்து வெளியே விரிந்து டிரம்மைப் பிடிக்கும். நமது வீதிகளில் ஓடும் பெரும்பாலான முச்சக்கர வண்டிகளுக்கு டிரம் பிரேக்தான். ஆகவே, "ஓட்டோவுக்குப் பேட்" என்று கேட்பவருக்கு உண்மையில் தேவைப்படுவது ஷூ. மோட்டார் சைக்கிளில் முன்சக்கரத்துக்கு டிஸ்க்கும் பின்சக்கரத்துக்கு டிரம்மும் உள்ள ரகங்கள் நிறைய உண்டு. பாரமான லொறி, பஸ்களில் பெரும்பாலும் ஷூவின்மேல் ரிவட் அடித்துப் பொருத்தும் லைனிங் பாவிக்கப்படுகிறது. முன்சக்கரமா, பின்சக்கரமா, என்ன மொடல், எந்த ஆண்டு என்று கேட்காமல் எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. பழைய பேட்டைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்வதே சிறந்த வழி.

பிரேக் பேட் என்பது இரும்புத் தகடொன்றின்மேல் ஒட்டிச் சுட்ட ஒரு கலவை. இதில் நார், உலோகத் தூள், கிறபைட் போன்றவை பிசினால் பிணைக்கப்பட்டிருக்கும். நமது ஊர் கஜுக் கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயிலிருந்து செய்த தூளும் உலகெங்கும் இந்தக் கலவையில் சேர்க்கப்படுகிறது என்பது பலருக்குத் தெரியாது. கலவையைப் பொறுத்துக் கடைகளில் மூன்று முக்கிய ரகங்கள் உண்டு.

ஓர்கானிக் ரகம்: சத்தம் குறைவு, விலை குறைவு, டிஸ்க்குக்கும் பாதிப்பில்லை. ஆனால் விரைவாகத் தேயும், கடும் வெப்பத்தில் பிடிமானம் தளரும். பட்டணத்துக்குள் ஓடும் சிறிய கார்களுக்குப் பொருந்தும்.

செமி மெட்டலிக் ரகம்: எடையில் சுமார் 30 முதல் 65 சதவீதம் வரை உலோகம். வெப்பத்தைத் தாங்கும். மலைப்பாதையில் சுமையோடு ஓடும் வாகனத்துக்கு உகந்தது. சத்தம் சற்றுக் கூடுதல், டிஸ்க்கையும் கொஞ்சம் தேய்க்கும்.

செராமிக் ரகம்: விலை அதிகம். தூசும் சத்தமும் குறைவு, நீண்டநாள் உழைக்கும்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களின் பேட் நீண்ட காலம் வருவதைக் கண்டிருப்பீர்கள். வேகம் குறையும்போது மோட்டாரே சக்தியை பற்றரிக்குத் திருப்பி அனுப்புவதால் பேட்டுக்கு வேலை குறைகிறது. ஆனால், வேலை குறைந்த காலிப்பர் பின்கள் இறுகிப்போகும் ஆபத்து உண்டு. பேட் தேயவில்லை என்பதற்காகக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் விடக் கூடாது என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

பெட்டியில் எதைப் பார்ப்பது?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டு காலம் மக்கள் பழைய வாகனங்களையே திருத்தித் திருத்தி ஓட்டினர். உதிரிப்பாகத்துக்கு கிராக்கி கூடும்போது போலிக்கும் வழி திறக்கிறது. பெட்டியின் அச்சு அழகாக இருப்பதை வைத்து உள்ளே இருப்பதை எடைபோட முடியாது. பேட்டையே கையில் எடுத்துப் பாருங்கள்.

ஐரோப்பிய முறைப்படி அங்கீகாரம் பெற்ற மாற்றுப் பேட்டில், வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் அதனருகே நாட்டின் இலக்கமும் இருக்கும். ஈ.சி.ஈ. ஆர் 90 என்ற விதியின் கீழ், அந்தப் பேட்டின் செயற்பாடு வாகனத்தோடு வந்த மூலப் பேட்டிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது.

அமெரிக்க முறையில், பேட்டின் ஓரத்தில் எஃப்.எஃப்., ஜி.ஜி. என்பது போல இரண்டு எழுத்துக்கள் இருக்கும். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உள்ள பிடிமானத்தையும், இரண்டாவது எழுத்து கடும் வெப்பத்தில் உள்ள பிடிமானத்தையும் காட்டும். எஃப் என்பது 0.35 முதல் 0.45 வரையான உராய்வு அளவு. ஜி என்பது 0.45 முதல் 0.55 வரை. ஈ என்பது 0.25 முதல் 0.35 வரை. முதல் எழுத்து எஃப் ஆகவும் இரண்டாவது ஈ ஆகவும் இருந்தால், சூடேறும்போது பிடி தளர்கிறது என்று அர்த்தம். இறக்கப் பாதையில் ஓடுபவருக்கு அதைக் கொடுக்க வேண்டாம். இந்த எழுத்துக்கள் உராய்வை மட்டும் சொல்லும். ஆயுளையோ தரத்தையோ சொல்லாது என்பதும் கவனத்திற்குரியது.

எந்த அடையாளமும் இல்லாத, ஓரத்தில் வெடிப்புள்ள, தகட்டுக்கும் கலவைக்கும் இடையில் நகம் நுழையும் இடைவெளியுள்ள பேட்டை இறக்கியவரிடமே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இன்னொரு முக்கிய விடயம் அஸ்பெஸ்டஸ். பல்லாண்டு காலம் பிரேக் லைனிங்கில் இந்தக் கல்நார் சேர்க்கப்பட்டு வந்தது. இதன் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் முற்றாகத் தடை. 'அஸ்பெஸ்டஸ் இல்லாதது' என்று குறிப்பிட்ட பேட்களையே வாங்கி விற்பது நல்லது. கராஜ் நடத்துபவர்கள் டிரம்மைத் திறந்தவுடன் காற்றுக் குழாயால் ஊதுவதை நிறுத்த வேண்டும். ஈரத் துணியால் துடைத்தெடுக்கலாம். அந்தத் தூசு முதலில் போவது நமது பையன்களின் நெஞ்சுக்குள்தான்.

நம் மண்ணின் இறப்பர் பேட்

இனி அமுங்கித் திரும்பும் பேட்டுக்கு வருவோம். இதில் நமக்கு ஒரு தனிச் சொந்தம் உண்டு. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் வழியாக வந்த இறப்பர்க் கன்றுகள் கம்பஹா ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. இன்று கேகாலையும் இரத்தினபுரியும் நாட்டின் முக்கிய இறப்பர் மாவட்டங்கள். நமது ஊர்களில் இறப்பர் ஷீட் வாங்கி விற்கும் வியாபாரிகள் பலர் இருக்கின்றனர்.

இயற்கை இறப்பருக்கு அதிர்வை உறிஞ்சும் குணம் மிக நன்றாக உண்டு. எஞ்சின் மவுண்ட், ஸ்பிரிங் புஷ், பொடிக்கும் சேசிக்கும் இடையில் வைக்கும் பேட் போன்றவற்றுக்கு இது பொருத்தமானது. பாலங்களுக்கு அடியில்கூட இறப்பர் பேட் வைக்கிறார்கள். இங்கிலாந்தின் லிங்கன் நகரிலுள்ள பெல்ஹாம் பாலத்துக்கு 1957இலேயே இயற்கை இறப்பர் பேட் வைக்கப்பட்டது.

ஆனால் இயற்கை இறப்பருக்கு எஞ்சின் எண்ணெய், டீசல், மண்ணெண்ணெய் ஆகாது. பட்டால் ஊதிப் பெருத்து இளகிவிடும். எண்ணெய் படும் இடத்துக்கு நைட்ரைல் எனப்படும் செயற்கை இறப்பர் தேவை. அதேபோல, பிரேக் சிலிண்டருக்குள் உள்ள இறப்பர்க் கப்பை மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ கழுவக் கூடாது. பிரேக் எண்ணெயால்தான் கழுவ வேண்டும். இந்தச் சிறு தவறால் புதிய கப் போட்ட சில நாட்களிலேயே பிரேக் இறுகிக்கொண்டு, "நீங்கள் தந்த சாமான் சரியில்லை" என்று பழி கடைக்காரர்மேல் விழும்.

இறப்பர்ப் பொருட்களை வெயில் படும் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைக்காதீர்கள். வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புக்களை உண்டாக்கும். முதலில் வந்ததை முதலில் விற்றுவிட வேண்டும்.

சிறுதொழில் தொடங்க விரும்பும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. தரைவிரிப்பு, புஷ், இயந்திரங்களின் கீழ் வைக்கும் பேட், சைக்கிள் பிரேக் கட்டை போன்றவற்றை அச்சும் சூடேற்றும் அழுத்தியும் கொண்டு செய்யலாம். சரியான கலவைதான் இதில் உயிர். இரத்மலானையிலுள்ள இறப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுகூடத்தையும் கைத்தொழில் அபிவிருத்திச் சபையையும் அணுகி ஆலோசனை பெறலாம். ஆனால், வாகன பிரேக் பேட்டை வீட்டுத் தொழிலாகச் செய்யத் துணிய வேண்டாம். சோதனை இயந்திரத்தில் சூடேற்றிப் பரீட்சிக்காத பிரேக் பேட், அடுத்தவரின் உயிரை வைத்துச் செய்யும் பரீட்சையாகவே முடியும்.

விளையாட்டுப் பேட்

விளையாட்டுப் பொருள் விற்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். தமிழில் 'பேட்' என்று எழுதினால் மட்டையும் அதுவே, கால் காப்பும் அதுவே! தொலைபேசியில் ஓடர் எடுக்கும்போது "மட்டையா, காலுக்குக் கட்டுவதா?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கிரிக்கெட் பந்தின் எடை ஏறத்தாழ 160 கிராம். அது மணிக்கு 120 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால், அதிலுள்ள சக்தி ஒரு கிலோ எடைக்கல்லை மூன்று மாடி உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். பேட் இரண்டு விதமாகக் காப்பாற்றுகிறது. ஒரு புள்ளியில் விழும் அடியை அகலமான இடத்துக்குப் பரப்புகிறது. பந்து நிற்க எடுக்கும் நேரத்தை நீட்டி அடியை மெதுவாக்குகிறது. முன்பு பிரம்புக் குச்சியும் பஞ்சும் இந்த வேலையைச் செய்தன. இப்போது பாரமில்லாத, அடர்த்தியான ஃபோம் செய்கிறது.

பாரத்தைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்ய முடியாது. முழங்கால் பகுதியைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி உடனே திரும்பினால் நல்லது. பள்ளம் அப்படியே நின்றால் அது மலிவு ஃபோம். சிறுவர், இளைஞர், பெரியவர் என்று அளவு பிரிந்திருக்கும். முழங்காலின் நடுப்பகுதி பேட்டின் முழங்கால் மடிப்புக்குள் சரியாக அமர வேண்டும். "அடுத்த வருசமும் போடலாம்" என்று பெரிய அளவை வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கு, பிள்ளை ஓடும்போது தடுக்கி விழும் என்று சொல்ல நமக்கு வாய் வர வேண்டும். விக்கெட் காப்பாளரின் பேட் சிறியது, துடுப்பாட்டக்காரருக்கு அது போதாது. இடதுகைக்காரருக்கு வேறு சோடி தேவைப்படலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்தச் சரக்கு பெரும்பாலும் பாகிஸ்தானின் சியால்கோட், இந்தியாவின் ஜலந்தர், மீரட் நகரங்களிலிருந்து வருகிறது. 1947 பிரிவினையின்போது சியால்கோட்டிலிருந்து சென்ற கைவினைஞர்களே ஜலந்தரில் இத்தொழிலை வளர்த்தனர். நகரம் ஒன்றானாலும் பட்டறைகள் பல, தரமும் பல. மாதிரி பார்க்காமல் மொத்தமாக இறக்க வேண்டாம். காற்பந்தாட்டத்தில் முழந்தாள் கீழ்க் காப்பு 1990 முதல் விதிப்படி கட்டாயம் என்பதால், பாடசாலைப் போட்டிக் காலத்தில் அதற்கும் கேள்வி உண்டு.

நசுங்கும் பேட்டான ஹெல்மட்டைப் பற்றி ஒன்று மட்டும். உள்ளே இருக்கும் வெள்ளை நிறக் கட்டி ஃபோம், தான் நசுங்கித் தலையைக் காப்பாற்றும். நசுங்கியது திரும்பாது. வெளியில் கீறல்கூடத் தெரியாமல் உள்ளே நசுங்கியிருக்கலாம். ஆகவே விபத்தில் பட்ட ஹெல்மட்டைத் துடைத்து, புதுத் துணி போட்டு விற்பது பெரும் அநியாயம்.

கடையில் கடைப்பிடிக்க

* பேட் கேட்பவரிடம் "எந்த வாகனம், எந்தச் சக்கரம், எந்தப் பாதையில் ஓடுகிறது?" என்று கேளுங்கள்.
* பிரேக் பேட்டை ஒரு சில்லுக்கு மட்டும் விற்க வேண்டாம். ஒரே அச்சின் இரு சில்லுக்கும் ஒன்றாக மாற்றச் சொல்லுங்கள்.
* கலவை 3 மில்லிமீற்றர் அளவுக்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். கீச்சென்ற சத்தம் பெரும்பாலும் எச்சரிக்கை மணி.
* புதுப் பேட் பூட்டிய முதல் சில நூறு கிலோமீற்றருக்கு அழுத்தி மிதிக்காமல் நிதானமாக ஓட்டச் சொல்லுங்கள்.
* பற்றுச்சீட்டில் பொருளின் பெயர், ரகம், வாகன மொடல் எழுதிக் கொடுங்கள். பிணக்கு வந்தால் அது உங்களுக்கே பாதுகாப்பு.
* போலியை அசல் என்று சொல்லி விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ் குற்றம்.

மலிவான பொருளே விற்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. எல்லோராலும் விலை கூடியதை வாங்க முடியாது. நாட்கூலிக்கு ஓட்டோ ஓட்டுபவரின் நிலைமை நமக்குத் தெரியும். மலிவுக்கும் போலிக்கும் இடையில் வித்தியாசம் இருக்கிறது. மலிவான பேட் சீக்கிரம் தேயும், அதைச் சொல்லி விற்கலாம். போலிப் பேட் எப்போது கைவிடும் என்று யாருக்கும் தெரியாது. அதை எந்த விலைக்கும் விற்க முடியாது.

கதையின் தொடக்கத்தில் வந்த வியாபாரி அந்த இரும்புத் தகட்டை வீசிவிடவில்லை. காசு மேசையின் லாச்சிக்குள் வைத்திருக்கிறார். பெயர் தெரியாத பெட்டிகளோடு யாராவது சரக்கு இறக்க வந்தால், அதை எடுத்து மேசைமேல் வைக்கிறார். வேறெதுவும் பேசுவதில்லை.